மே இருபதாம் தேதிப் பிள்ளைகள்

சிதம்பரத்தில் ஞானசேகரன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு கருப்பு கிரானைட் பலகை பதித்திருக்கிறது. ‘ஞா. அருண்குமார், விமானி’ என்று பொன்னிற எழுத்தில் வெட்டியிருக்கும். எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்க, இடது பக்கம் ஒரு சாண் அளவுக்குக் கல் மொட்டையாகக் கிடக்கும். தெருவில் போகிறவர்கள் கல் வெட்டியவர் அன்றைக்கு நிதானத்தில் இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வார்கள். அவர் நிதானமாகத்தான் இருந்தார். ‘கேப்டன்’ என்ற சொல்லுக்கு இடம் விடச் சொன்னது ஞானசேகரன். மகன் இப்போது கோ-பைலட், தோளில் மூன்று பட்டை. நாலாவது பட்டை ஏறுகிற அன்றைக்கு அந்தச் சொல்லும் கல்லில் ஏறிவிடும் என்பது அவருடைய முன்யோசனை.

முன்யோசனை உத்தியோகத்தில் வந்த பழக்கம். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அதில் பத்தொன்பது வருடம் ராஜாமணி என்கிற சக ஊழியரோடு சீனியாரிட்டி வழக்கு நடத்தினார். இருவரில் யார் முந்தி, யார் பிந்தி என்பதுதான் வழக்கு. ஞானசேகரன்தான் முந்தி என்று தீர்ப்பு வந்தது. வந்தபோது இருவரும் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். மகன் விமானத்தின் முன்னால் நிற்கிற படம் அதற்குக் கீழே இருக்கிறது. சீனியாரிட்டிப்படி மாட்டியது.

அருண்குமார் வேலை பார்த்தது மஞ்சள் வால் கம்பெனியில். பெயர் வேறு ஏதோ. விமானத்தின் வாலில் மஞ்சள் பூசியிருந்ததால் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சின்னக் கம்பெனி, அதன் விமானிகள் பட்டியலில் அருண் எண்பத்து நாலாவது ஆள். விமானம் ஓட்டத் தெரிந்தால்தான் உள்ளேயே விடுவார்கள் என்பது சரி. ஆனால் உள்ளே வந்தபின் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பட்டியலில் இருக்கிற எண்தான். யார் கேப்டன் ஆவது, யாருக்கு எந்த ஊர், யார் தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, யார் அன்றைக்குப் பாட்னாவுக்குப் பறப்பது, எல்லாம் எண். மகன் இதை முதன்முதலில் விளக்கியபோது ஞானசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் நடக்கிற தொழிலும் கடைசியில் தன்னுடைய அலுவலகம் மாதிரியே நடக்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த பதவி உயர்வு தொண்ணூறாவது எண் வரைக்கும் வரும், ஆடி கழிந்தால் அருண் கேப்டன் என்று இருந்த நேரத்தில் பச்சை வால் கம்பெனி மஞ்சள் வால் கம்பெனியை வாங்கியது. பத்திரிகைகளில் அதை ‘இணைப்பு’ என்று மரியாதையாகப் போட்டார்கள். பச்சை வால் ஆறு பங்கு பெரியது. இரண்டு கம்பெனி விமானிகளையும் வேலையில் சேர்ந்த தேதிப்படி ஒரே பட்டியலில் கோக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். இரண்டு கல்யாணத்துப் பந்தியை ஒரே வரிசையாக்கினால் என்ன ஆகும்? சாம்பார் வாளி பக்கத்து இலைக்கு வந்துவிட்டது என்று கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், இலையைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போகவேண்டியதுதான்.

வரைவுப் பட்டியலை அருண் செல்போனில் அனுப்பினான். ஞானசேகரனுக்குப் பட்டியல் என்றால் கையில் கனக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நாற்பத்து மூன்று பக்கத்தையும் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பெயராக இறங்கினார். விரல் நின்ற இடம் அறுநூற்றுப் பதின்மூன்று. கூடவே வந்த சுற்றறிக்கையில், இந்த முறை கேப்டன் பதவி உயர்வு அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண் வரைக்கும் என்று இருந்தது. அதற்கடுத்த உயர்வு எப்போது என்று கேட்டால் நாலு வருடமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம் என்றான் அருண்.

ஒரே ஓர் எண். ஞானசேகரன் மெதுவாக விரலை ஒரு வரி மேலே ஏற்றினார். அறுநூற்றுப் பன்னிரண்டு: உசாமா, தகப்பனார் முஹம்மது யூசுப், பரங்கிப்பேட்டை.

“யாரு, நம்ம உசாமாவா?” என்று அவர் மனைவி தில்லையம்மாள் சந்தோஷமாகக் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவருக்குப் பிடிக்கவில்லை.

நம்ம உசாமாதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அருணோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தினம் பரங்கிப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து படித்தவன். இந்த வீட்டில் சாப்பிட்ட தோசைக்குக் கணக்கில்லை. விமானப் பயிற்சிப் பள்ளிக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். பிறகு இவன் மஞ்சள் வால், அவன் பச்சை வால். இரண்டு கம்பெனியும் புதிய ஆட்களை அந்த வருடம் ஒரே திங்கட்கிழமையில் சேர்த்துக்கொண்டன. அன்றிலிருந்து ஒன்பது வருடமாக இரண்டு தகப்பன்மார்களும் ஒருவரையொருவர் அளந்துகொண்டுதான் இருந்தார்கள். யூசுப் ஜித்தாவில் இருபத்தாறு வருடம் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றை நிர்வகித்துவிட்டுத் திரும்பி, ஊரில் விமான டிக்கெட் போடும் கடை வைத்திருப்பவர். எப்போது பார்த்தாலும் எங்கள் கம்பெனிதான் பெருசு என்பார். பெரிய கம்பெனியில் கேப்டன் ஆகத் தலை நரைத்துவிடும், சின்னக் கம்பெனியில் சீக்கிரம் என்பார் ஞானசேகரன். இப்போது இரண்டும் ஒரே கம்பெனி. பெருமைக்கு இரண்டு பேருக்கும் மிஞ்சியது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

பட்டியலின் அடிக்குறிப்பைப் படித்தபோது ஞானசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்த தேதி ஒன்றாக இருந்தால் வயதில் மூத்தவர் முந்தி. உசாமாவுக்கும் அருணுக்கும் சேர்ந்த தேதியும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று: தொண்ணூற்றொன்றாம் வருடம் மே இருபது. எனவே இந்த இரண்டு எண்களும் தற்காலிகமானவை, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் ஆதாரத்தோடு தெரிவிக்கலாம், இல்லாவிட்டால் இதுவே முடிவு என்று எழுதியிருந்தது.

ஆட்சேபம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு ஆறு வருடம் இளமை திரும்பியது.

இங்கே அந்த மே இருபதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றாறாம் வருடம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். அருணின் விரல் நடு உச்சியைத் தாண்டவில்லை. தலைமை ஆசிரியர் ஆரோக்கியராஜ் இளகிய மனதுக்காரர். பையனின் கையைப் பிடித்துத் தானே இழுத்துக் காது நுனியில் பட வைத்து, பாஸ் என்றார். பிறகு பதிவேட்டில் பிறந்த தேதி என்ற இடத்தில் மே இருபது என்று எழுதினார். அது அவருடைய கல்யாண நாள், மறக்காது. வயது போதாமல் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அந்தத் தேதியையே வழங்கினார். அந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் பத்தொன்பது பேர் ஒரே நாளில் பிறந்திருந்தார்கள். மே மாதம் லீவு என்பதால் யாரும் யாருக்கும் மிட்டாய் கொடுக்க வேண்டியதில்லை என்ற வசதியும் இருந்தது.

ஞானசேகரனுக்கு இதெல்லாம் தெரியும். பக்கத்தில் நின்றவர் அவர்தான். ஆனால் இருபத்தொன்பது வருடமாக மே இருபதாம் தேதி வங்கியும், செல்போன் கம்பெனியும், ஆயுள் காப்பீட்டுக்காரர்களும் மகனுக்கு வாழ்த்து அனுப்புவதைப் பார்த்துப் பார்த்து, அவன் மெய்யாகவே அன்றைக்குத்தான் பிறந்தான் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. இத்தனை நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட ஒரு தேதியைத் தகப்பன் ஒருவன் மட்டும் சந்தேகிப்பது முறையா? உசாமாவின் மே இருபது மட்டும் ஆரோக்கியராஜ் போட்டது என்பது அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. அந்தப் பையன் அருணைவிட அரைச் சாண் குள்ளம்.

மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு பக்கத்துக்கு ஆட்சேப மனு தயாரித்தார். ஹைதராபாத்தில் இணைப்புப் பயிற்சியில் இருந்த மகனைக் கூப்பிட்டுப் படித்துக்காட்ட முயன்றார். இரண்டாம் பத்தியில் அருண் குறுக்கிட்டு, விடிய நாலு மணிக்கு வகுப்பு, எதுவானாலும் என் மெயிலிலிருந்து நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான். ஏதோ நாலு வரி எழுதியிருப்பார் என்று நினைத்தது அந்தப் பிள்ளையின் குற்றம். முப்பத்து நாலு வயதில் தகப்பனைத் தெரிந்திருக்க வேண்டும்.

மனுவின் சாரம் இதுதான்: பள்ளிச் சான்றுகளை நம்ப முடியாது, பிறப்புப் பதிவேட்டின் அசல் நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனு நடுநிலையாகத் தெரிய வேண்டும் என்பது ராஜாமணி வழக்கில் வக்கீல் சொல்லிக்கொடுத்த நுட்பம். ஆகவே ‘இரு தரப்பிலும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அனுப்பிவிட்டு, காபி கேட்டுக்கொண்டே தில்லையம்மாளிடம் அந்த வரியை மட்டும் ரசித்துப் படித்தார்.

அவள் டம்ளரை வைத்தாள்.

“ரெண்டு தரப்புன்னா நம்ம புள்ளையும்தானங்க? அவன் புரட்டாசியில இல்ல பொறந்தான். அக்டோபர் மூணு. பெத்தவ நான் இங்கதான நிக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

கம்பெனிகள் எதற்கும் உடனே பதில் போடுவதில்லை என்பது ஞானசேகரனின் நம்பிக்கை. இந்தக் கம்பெனி மறுநாளே போட்டது. தங்கள் யோசனை ஏற்கப்படுகிறது, விமானிகள் இருவரும் பத்து நாளில் பிறப்புப் பதிவின் நகலைச் சமர்ப்பிக்கவும், மனுவின் பிரதி எதிர்த் தரப்புக்கு அனுப்பப்பட்டுள்ளது. மூன்றே வரி. மூன்று வரியில் ஒரு மனிதனைக் கவிழ்க்க முடியும் என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

கணக்கு எளிது. மே மாதத்துப் பிள்ளை அக்டோபருக்கு வந்தால் நாலரை மாதம் இளைத்துவிடுவான். உசாமாவின் அசல் தேதி என்னவென்று தெரியாது. அது ஜூனோ ஜூலையோ என்றால் கதை முடிந்தது, தகப்பனே கைப்பட எழுதிப் பையனைப் பின்னுக்குத் தள்ளினதாக ஆகிவிடும். அவருக்கு ஒரே வழி தோன்றியது. அந்தக் காலத்துப் பதிவேடுகளில் எத்தனையோ பிறப்புகள் விட்டுப்போயிருக்கின்றன. தேடிப் பார்த்தோம், இல்லை என்று ஒரு சான்று வாங்கிவிட்டால் மே இருபது தப்பிக்கும். அருண் பிறந்தது கடலூர் பெரியாஸ்பத்திரியில். பெற்ற பிள்ளை பிறந்ததற்கு அத்தாட்சி இருக்கக் கூடாது என்று நடராஜரை வேண்டிக்கொண்டு அவர் கடலூர் பஸ் ஏறினார்.

புதுச்சத்திரம் வரைக்கும் பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும் என்ற தைரியம் இருந்தது. செம்மங்குப்பத்துத் தொழிற்சாலைகளின் வாசனை வந்ததும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கடலூர் வந்துவிட்டதென்று எழுந்து பையை எடுத்தார்கள். அவர் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறப்பு இறப்புப் பதிவு செய்கிற அலுவலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடியில் பிளாஸ்டிக் உறையோடு முஹம்மது யூசுப். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். ஓடுவதற்கு இருவருக்கும் வயதில்லை.

வீட்டு வரி விஷயமாக வந்ததாக ஞானசேகரன் சொன்னார். காலமான சின்னம்மா முறைச் சாச்சி ஒருத்திக்கு இறப்புச் சான்று வாங்க வந்ததாக யூசுப் சொன்னார். சாச்சியின் நல்ல குணங்களை ஞானசேகரன் விசாரித்தார். வீட்டு வரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யூசுப் விசாரித்தார். இப்படியே அரை மணி நேரம் போனது. பிறகு பவானி என்கிற எழுத்தர், கணினி முன்னாலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மணியடித்த மாதிரிக் குரலில் கூப்பிட்டாள்.

“பரங்கிப்பேட்டை யூசுப் யாருங்க? அம்மா பேரு மலிகா, ஆண் குழந்தை, அக்டோபர் பதினொண்ணு, தொண்ணூத்தொண்ணு. சரியா?”

யூசுப் எழுந்திருக்கவில்லை. சாச்சிக்கு அது பொருந்தவில்லை.

“சிதம்பரம் ஞானசேகரன்? அம்மா தில்லையம்மாள், ஆண் குழந்தை, அக்டோபர் மூணு, அதே தொண்ணூத்தொண்ணு. ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரி, அடுத்தடுத்த பக்கத்துல இருந்துச்சு, எடுக்கச் சுலபமாப் போச்சு. வந்து கையெழுத்துப் போடுங்க சார்.”

இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். பதிவேட்டில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. கடலூரில் கரையான்கூட நம்பினவரைக் கைவிடுகிறது.

எதிரே டீக்கடை. யூசுப் இரண்டு டீ சொன்னார், ஒன்று சர்க்கரை கம்மியாக. ஞானசேகரனுக்குச் சர்க்கரை என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று இவருக்கு ஆச்சரியம். உசாமா சொல்லியிருப்பான்.

“பதினோரு பக்கம் சார்,” என்றார் யூசுப். குரலில் கோபமில்லை, ஒருவித வியப்புதான் இருந்தது. “நான் ஜித்தாவுல இருபத்தாறு வருஷம் இருந்தேன். என் பொண்டாட்டிக்கே மொத்தமா அவ்ளோ எழுதுனதில்ல.”

ஞானசேகரன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அவர் மனது வேறொரு கணக்கைப் போட்டு முடித்து உள்ளே மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. அக்டோபர் மூன்று, அக்டோபர் பதினொன்று. எட்டு நாள். அசல் பதிவேட்டின்படி அருண்தான் மூத்தவன். அறுநூற்றுப் பன்னிரண்டு. கேப்டன். பதினோரு பக்கமும் வீண் போகவில்லை. கல்வெட்டுக்காரரின் செல்போன் எண்கூட ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பதிவேடு சொல்வதை நாம் மாற்ற முடியாதல்லவா, பாய் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

யூசுப் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். டிக்கெட் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பழகின மனிதர். முழுக்கச் சொல்லவிட்டு, பிறகு செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஹைதராபாத் விடுதியில் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். நடந்ததை யூசுப் நாலு வாக்கியத்தில் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது. முதலில் சிரிப்பை நிறுத்தியது அருண்தான்.

“அப்பா, நல்லா கேளுங்க. பத்தாவது மார்க் ஷீட்டு, பாஸ்போர்ட்டு, லைசென்ஸு, மெடிக்கல், எல்லாத்துலயும் மே இருபது. இப்ப நீங்க போயி அக்டோபர்னு ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னா, தப்பான தேதி காட்டி லைசென்ஸ் வாங்கினவனுங்கன்னு எங்க ரெண்டு பேரையும் விசாரணை முடியற வரைக்கும் தரையில உக்கார வெச்சிருவாங்க. எனக்கு நாலாவது பட்டை வேணும்தாம்பா. ஆனா இருக்கிற மூணாவது இருக்கட்டும்.”

“மாமா, நான் மாமியவிட நல்லா தோசை சுடுவேன்,” என்று பின்னாலிருந்து உசாமாவின் குரல் வந்தது. “லைசென்ஸ் போச்சுன்னா நானும் அருணும் சேர்ந்து கடை போட்டுருவோம். பட்டியல்ல அவன் பேரே மொதல்ல இருக்கட்டும்.”

செல்போன் அடங்கியது. டீ ஆறிப்போயிருந்தது. ஒரே வழிதான் இருந்தது: மனு போட்டவர் மனுவைத் திரும்பப் பெற்றால், கேள்வியும் இல்லை, பதிவேடும் இல்லை, தற்காலிகப் பட்டியலே நிரந்தரமாகிவிடும். அதாவது உசாமா அறுநூற்றுப் பன்னிரண்டு. அருண் அறுநூற்றுப் பதின்மூன்று.

ஞானசேகரன் வாழ்க்கையில் எந்த மனுவையும் திரும்பப் பெற்றதில்லை. ராஜாமணி வழக்கில் நீதிபதியே இரண்டு முறை கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தார். தெரு விளக்கு எரியவில்லை என்று போட்ட மனுவை விளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் இரண்டு வருடம் நடத்தினவர். இப்போது யூசுப் நீட்டிய செல்போனை வாங்கி, மகனின் மெயிலைத் திறந்து, ஆதியோடந்தமாக எழுத ஆரம்பித்தார். ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்கிய முதல் முயற்சி முக்கால் பக்கம் வந்தது. யூசுப் படித்துப் பார்த்து, இதிலும் ஓர் இடத்தில் இரு தரப்பு என்று வருகிறதே என்று சுட்டிக்காட்டினார். அழித்தார். இரண்டாவது முயற்சியில் சட்டப் பிரிவு வந்தது. அதையும் அழித்தார். மூன்றாவதாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ‘மனுவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று மட்டும் எழுதினார். அனுப்புகிற பொத்தானில் கட்டை விரலை வைத்துவிட்டு நிமிர்ந்து, எதிர்ச் சாரியில் அந்த அலுவலக வாசலைப் பார்த்தார். உள்ளே அக்டோபர் மூன்று பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் ஜெயித்துவிடலாம். ஜெயித்துவிட்டு, பத்தொன்பது வருடம் கழித்து லேமினேட் செய்து மாட்டலாம்.

அழுத்தினார்.

யூசுப் இரண்டாவது டீ சொன்னார். தன் கையிலிருந்த நகலை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கிழித்துக் கடையின் குப்பைக் கூடையில் போட்டார். ஞானசேகரனும் தன்னுடையதை எடுத்தார். கிழிக்கக் கை வரவில்லை. அரசு முத்திரை போட்ட தாளைக் கிழிப்பது அவருடைய உடம்பில் இல்லாத காரியம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் உசாமா பயிற்சிக்குப் போனான். பொங்கலுக்கு முன்னால் அவன் தோளில் நாலாவது பட்டை ஏறியது. பரங்கிப்பேட்டையில் தெரு முழுக்க ஹல்வா கொடுத்தார் யூசுப். முதல் டப்பா சிதம்பரத்துக்கு வந்தது. சர்க்கரை இருக்கிறவர் அரை டப்பாவைத் தின்றார், மீதியைத் தில்லையம்மாள் ஒளித்து வைத்தாள். காம்பவுண்டுச் சுவரில் மொட்டைக் கல் மட்டும் இன்னும் ஐந்து வருடத்துக்கு அப்படியே நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், அவள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தக் காலி இடத்தில் காலிங் பெல் வைத்துவிட்டாள். எத்தனை நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த பெல். இப்போது பார்த்தால் எழுத்து ஓரமாக ஒதுங்கின மாதிரியே தெரியாது. பெல்லுக்காக விட்ட இடம் என்று தோன்றும்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. புதிய கம்பெனியில் ஊர், லீவு, டியூட்டி எல்லாம் அந்தந்தப் பதவிக்குள் எண் வரிசைப்படி கேட்டு வாங்குவது. கேப்டன்களில் அறுநூற்றுப் பன்னிரண்டாவது ஆள் என்றால் கேப்டன்களில் கடைசி ஆள். மற்ற அறுநூற்றுப் பதினோரு பேரும் வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் உசாமாவுக்கு வந்தது. தங்கி வேலை பார்க்கிற ஊர் கவுகாத்தி. வாரம் நாலு நாள் விடுதி அறையில் சீருடையோடு ‘கூப்பிட்டால் வா’ டியூட்டி. பொங்கல், குடியரசு தினம், ஞாயிறு எதுவும் அவனுக்கில்லை. அருணோ அறுநூற்றுப் பதின்மூன்று, அதாவது கோ-பைலட்களில் முதல் ஆள். கேட்டது கிடைத்தது. சென்னையைக் கேட்டான். போகிக்கு வந்து காணும் பொங்கல் கழித்துத்தான் போனான். இப்போதெல்லாம் வியாழக்கிழமை தோறும் அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறான். வியாழக்கிழமை வருகிறது என்றாலே தில்லையம்மாள் வாஷிங் மெஷினைக் கவலையோடு பார்க்கிறாள்.

ஞானசேகரனுக்கு இதன் மகத்துவம் புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்ததும் நடை மாறிவிட்டது. காலையில் மேல வீதியில் யார் எதிர்ப்பட்டாலும் நிறுத்தி, கம்பெனியின் அத்தனை கோ-பைலட்களிலும் முதலாமவன் என் மகன் என்றார். முதலாமவன் என்ற சொல் வாயில் நன்றாக உருண்டது. கேப்டனில் கடைசி என்று சொல்லிப் பாருங்கள், உருளாது.

ரமலான் நோன்பு பாதி கழிந்த ஒரு வியாழக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. யூசுப் நின்றார். முகம் வாடியிருந்தது, அது நோன்பினால் மட்டுமல்ல. தில்லையம்மாள் பழக்க தோஷத்தில் காபியோடு வந்து, நினைவு வந்து, பாதி வழியில் திரும்பிப் போனாள். உள்ளறையில் அருண் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தை யூசுப் ஏக்கத்தோடு கேட்டார்.

விஷயம் இதுதான். பெருநாளன்றும் உசாமாவுக்கு டியூட்டி. மலிகா மூன்று நாளாக அழுகிறாள். பையன் கேப்டன் ஆகாமலே இருந்திருந்தால் பெருநாளைக்கு வீட்டிலாவது இருந்திருப்பான் என்கிறாள். அந்தப் பதினோரு பக்க மனு, அதை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்க்க முடியுமா, அருண் முந்தி என்று ஆக்கிவிடலாம், தனக்கு ஆட்சேபமில்லை என்று யூசுப் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஞானசேகரன் எழுந்தார். பீரோவைத் திறந்து, அன்றைக்குக் கிழிக்காமல் வைத்த நகலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒருமுறை படித்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். இந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் ஐந்து வருடம்கூடக் காத்திருக்கலாம் போலிருந்தது.

“உங்க பையன் என் பையனவிட எட்டு நாள் சின்னவன் பாய்,” என்றார். “சின்னப் பையனைப் போயி அவசரப்பட்டுக் கேப்டனாக்கிட்டோம்.”

யூசுப் ஒரு கணம் முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பில் அருண் விழித்துக்கொண்டு வந்து, என்ன மாமா என்று கேட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பட்டியலை மாற்ற முடியாது, ஆனால் பெருநாளுக்கு முதல் நாள் கவுகாத்தி விமானத்தைத் தான் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும் என்றான். முதல் ஆள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மாமியை அதே விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறேன், பிரியாணி மட்டும் இரண்டு பேருக்கு வரட்டும், நானும் அங்கேதான் இருப்பேன் என்றான். அடுத்த பெருநாளுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், எண் கடைசி என்றாலும் முதலில் வருகிற மனுவுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு என்று குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தான்.

யூசுப் ஞானசேகரனைப் பார்த்தார். லீவு மனுதானே, ஒரு வரி போதும், நீங்களே போட்டுக் கொடுங்கள் என்றார். ஒரு வரி எழுதுவதில் தனக்கு இப்போது நல்ல பயிற்சி என்று ஞானசேகரன் ஒப்புக்கொண்டு, வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து மேசையில் உட்கார்ந்தார்.

நாலாம் பக்கத்தின் நடுவில், ‘இரு தரப்பிலும்’ என்ற இடம் வந்தபோது, யூசுப் எட்டிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.